வெளியே நிறுத்திய மலை

மெரேவுக்குக் குரல் போய்விட்டது.

எங்கள் ஊர் வைமோனாவில் இது சின்னச் செய்தி இல்லை. சனிக்கிழமை நடந்த, ஆளைத் தொட்டு ஆடும் 'டச்' ரக்பி போட்டியில், மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் இருந்த நடுவரைத் திட்டியவள் அவள். அணி ஜெயித்தது. குரல் மைதானத்திலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அவள் புருஷன் எருவேராவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத ஓய்வு என்று தெருவே கேலி பேசியது. எருவேரா மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. போன வாரம் குளியலறைக் கதவுக்கு வெளியே அவர் சொன்ன வார்த்தை இன்னும் அந்த வீட்டில் யாருக்கும் ஆறவில்லை.

மகள் மைரங்கி இந்த வருடம் பள்ளியின் மாணவத் தலைவி. பள்ளி திறக்கும் வாரத்தில் ஊரைக் கூட்டி ஒரு சபை வைப்பார்கள். புதுத் தலைவர்கள் எழுந்து, எங்கள் மாவோரி முறைப்படி, தங்கள் மலையைச் சொல்லி, ஆற்றைச் சொல்லி, பெற்றவர்களைச் சொல்லி, கடைசியில்தான் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இந்த வருடம் என்ன ஆசை என்று பேசலாம். மைரங்கி ஷவரைத் திறந்துவிட்டு அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பல் தேய்க்கக் காத்திருந்த எருவேராவின் காதில் ஹொரோரங்கி என்ற பெயர் விழுந்தது.

ஹொரோரங்கி மேற்குக் கரையில் இருக்கும் மலை. எருவேராவின் ஆட்களுடைய மலை. அவர் கதவைத் தட்டி, "அதை எடுத்துடு. அது உன்னோடது இல்ல" என்றார்.

மைரங்கி அவருக்குப் பிறந்தவள் இல்லை. மெரேவுக்கும் பிறந்தவள் இல்லை. மெரேவின் தங்கை மராமா சின்ன வயதில் பெற்று, அக்காள் மடியில் கொடுத்துவிட்டு, வேலை தேடிக் கடல் தாண்டி பெர்த்துக்குப் போனாள். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் பெரியம்மா வீட்டிலோ அத்தை வீட்டிலோ, பெற்றவள் யார் என்று தெரிந்துகொண்டேதான் வளர்கின்றன. பெற்றவன் ஒருவன் இருந்தான். அவன் இந்தக் கதைக்கு வேண்டாம், மராமாவுக்கே வேண்டாமென்று ஆகிவிட்டது.

ஆனால் மலை ரத்தத்தில் வருவது. தாய்வழியில் மைரங்கிக்கு இந்த ஊர் மலை புகேதாரா இருக்கிறது. எருவேரா வெளியூரிலிருந்து வந்து பெண் கட்டியவர். புகேதாராவின் அடிவாரத்தில், அதன் பெரியவர்கள் முன்னால், தான் வளர்த்த பிள்ளையைக் கொண்டு தன் மலையைச் சொல்ல வைப்பது மரியாதை இல்லை என்பது அவர் கணக்கு. எனக்கு எருவேராவைப் பிடிக்கும். ஆனால் மரியாதை என்று ஆரம்பித்தால் அவரைப் போல அழுத்தக்காரரை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

இன்று அந்தச் சபை நாள்.

சமையலறையில் மராமா ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலைதான் பெர்த்திலிருந்து வந்து இறங்கினாள். அவளுடைய பெட்டி வழியிலேயே திறந்து கிடந்தது. மெரே அதைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தாள். அடி முழுக்கக் கம்பளி ஸ்வெட்டர், தடித்த காலுறை. வெளியே பிப்ரவரிக் கோடை வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் குளிர் வர இன்னும் மூன்று நாலு மாதம் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு? கேட்க வாயைத் திறந்தாள், காற்று வந்தது, விட்டுவிட்டாள்.

"அக்கா, முன்வரிசையில ரெண்டு நாற்காலிதானாமே?" என்றாள் மராமா, வாணலியைப் பார்த்தபடி.

மெரே தலையாட்டினாள். ஒவ்வொரு தலைவரின் குடும்பத்துக்கும் இரண்டு. பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"நான் பின்னாடி நின்னுக்கறேன். எனக்கென்ன."

மெரே அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். மராமாவின் கண் சிவந்திருந்தது. எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சரி, பொய் சொல்லல. எனக்கு அந்த நாற்காலி வேணும்க்கா. அவ மொத நாள் ஸ்கூலுக்குப் போனப்ப நான் இல்ல. பல் விழுந்தப்ப இல்ல. ஒரே ஒரு தடவை, இது யாரோட பொண்ணுன்னு ஊர் என்னைத் திரும்பிப் பார்க்கணும். பேராசைதான். தெரியுது."

மெரே தன் மார்பைத் தொட்டு, பிறகு தங்கையைத் தொட்டு, இரண்டு விரலைக் காட்டினாள். நீயும் நானும்.

"அப்ப அத்தான்?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எருவேரா உள்ளே வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காக்கிக் கால்சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல் இருக்கும். "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. எனக்கு பஸ்ஸை சர்வீஸுக்கு விடணும்."

"இன்னிக்கா?" என்று மெரே வாயசைத்தாள்.

"இன்னிக்குத்தான் நாள் கொடுத்திருக்கான்."

"யோவ்," என்றாள் மெரே. காற்றாக வந்தாலும் அதில் இருந்த சூடு குறையவில்லை. அவர் சூடான ரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, கையைச் சுட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

பேருந்தில் மைரங்கி வழக்கம்போல முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலிலும் தலைவிக்கான கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் அவளுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போயிற்று. "தலைவரம்மா, கோட்டுக்குள்ள வேகலையா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "வெந்துட்டேன்டா. தொட்டுக்க வேணுமா?" என்று இவள் திருப்பிக் கொடுத்தாள்.

பாலத்தைத் தாண்டியதும் எருவேரா மெதுவாகக் கேட்டார். "அந்த மலை விஷயம் முடிஞ்சுதுல்ல?"

"ஓட்டும்போது டிரைவரோட பேசக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு."

"மைரங்கி."

"அப்பா, நீங்க இந்த ஊருக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?"

"இந்த பஸ்ஸுக்கு இது மூணாவது இன்ஜின். அதை வெச்சுக் கணக்குப் போட்டுக்க."

"அப்புறமும் வெளியூர்க்காரரா?"

"மூணு இன்ஜின் மாத்தினா மட்டும் மலை மாறிடுமா? முன்னால ஹோரி பெரியவர் உக்காந்திருப்பாரு. இது அவங்க மலை, உங்கம்மா மலை. அதுக்கு முன்னால நின்னுக்கிட்டு என் மலையைச் சொன்னா, எருவேரா வளர்த்த பொண்ணை வெச்சு இடம் பிடிக்கிறான்னு ஆயிடும். என்னை விடு. உன்னைத் திமிர் பிடிச்சவன்னு சொல்வாங்க. எனக்கு அது தாங்காது."

அவள் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பள்ளி வாசலில் கதவு திறந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இறங்கும்போது 'நன்றி, டிரைவர்' என்று சொல்லாமல் இறங்காது. அது பால் பல்லோடு வந்த பழக்கம். மைரங்கி மட்டும் இத்தனை வருடமும் 'வரேன்ப்பா' என்றுதான் சொல்வாள்.

"உள்ள வந்துட்டுப் போங்களேன்."

"சர்வீஸு."

மைரங்கி படியில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நன்றி, டிரைவர்."

எருவேரா கதவை மூடவே மறந்துபோனார்.

சபை கூடியது. பிள்ளைகள் தரையில், ஊர் நாற்காலியில். காற்று வரட்டும் என்று மண்டபத்தின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருந்தார்கள். முன்வரிசை நடுவில் கைத்தடியோடு ஹோரி பெரியவர். ஒரு பக்கம் மெரேயும் மராமாவும். மறுபக்கம் மாணவத் தலைவன் காலம் மெக்ரேயின் அப்பாவும், அம்மா ஷோனாவும். மாட்டுப் பண்ணைக்காரர்கள். ஷோனா பால் கறந்த கையோடு வந்துவிட்டு, ரப்பர் பூட்ஸை நாற்காலிக்கு அடியில் ஒளிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்ரே பையன் காலம் முதலில் எழுந்தான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பரம்பரை. மாவோரி மொழியில் வரிகளைத் தப்பில்லாமல் உருப்போட்டு வந்திருந்தான். "என் மலை, எங்கள் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் குன்று..."

"டேய், அது பக்கத்துப் பண்ணைக்காரங்க குன்றுடா!" என்றாள் ஷோனா. அவள் ரகசியமாகச் சொன்னதாகத்தான் நினைத்தாள்.

மண்டபம் அதிர்ந்தது. ஹோரி பெரியவர் கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். காலம் காது வரை சிவந்துபோனான். ஆனால் விடவில்லை. "சரி, குன்று அவங்களோடது. தினமும் பால் கறந்துட்டு நிமிர்ந்தா எனக்குத் தெரியறது அதுதான். அதனால என் மலை அதுதான்."

அதற்குக் கைதட்டல் விழுந்தது. அவன் ஆசை ஒன்றே ஒன்று: மழை பெய்தால் பந்து மிதக்கும் அந்த ரக்பி மைதானத்துக்கு வடிகால். "நான் போனப்புறம் ஆடுறவங்களாவது காஞ்ச கால்சட்டையோட வீட்டுக்குப் போகட்டும்."

பேச்சு முடிந்தால் பாட்டு வர வேண்டும். பேசியவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் எழுந்து பாடினால்தான் பேச்சு நிறைந்ததாகக் கணக்கு. எடுத்துக் கொடுப்பது பெண்களின் வேலை. ஷோனா பூட்ஸோடு எழுந்து நின்று, பள்ளி முழுக்கத் தெரிந்த ஒரு பாட்டை, ராகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பிடித்தாள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்துகொண்டு அவளைக் கரை சேர்த்தார்கள்.

அடுத்து மைரங்கி.

நிமிர்ந்து நின்றாள். கோட்டின் பொத்தான் போட்டிருந்தது. மெரேவின் தோள், மராமாவின் நெற்றி. மராமா அக்காளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"புகேதாரா என் மலை. வைரேரே என் ஆறு," என்று தொடங்கினாள். குரல் கணீரென்று இருந்தது. ஹோரி பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "என்னைப் பெற்றவள் மராமா. கடல் தாண்டி வந்து இதோ உட்கார்ந்திருக்கிறாள்." ஊர் திரும்பிப் பார்த்தது. மராமாவுக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. "என்னை வளர்த்தவள் மெரே. அவள் குரலை நீங்கள் எல்லோரும் சனிக்கிழமை கேட்டீர்கள்."

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அடுத்து அவள் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"எனக்கு இன்னொரு மலை இருக்கு," என்றாள் சாதாரணப் பேச்சில். "அது ரத்தத்துல வரல. அதை எடுத்துடுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. எனக்கு நடக்கத் தெரியறதுக்கு முன்னாலேர்ந்து என்னைத் தோள்ல வெச்சுக்கிட்டு அந்த மலையோட பாட்டைத்தான் பாடுவாரு. அதைப் பார்க்க என்னை நாட்டுக்குக் குறுக்கால ஓட்டிக்கிட்டுப் போயிருக்காரு. அது என்னோடதுன்னு நான் சொல்லல. நான் அதோட பொண்ணுன்னு சொல்றேன். ஹோரி தாத்தா, இது திமிருன்னா என்னைத் திட்டுங்க, எங்கப்பாவைத் திட்டாதீங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஹொரோரங்கி என்னைச் சுமந்த மலை. எருவேரா என் அப்பா. நான் மைரங்கி."

ஊர் பெரியவரைத் திரும்பிப் பார்த்தது. பெரியவர் கண்ணைத் திறந்திருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"இந்த வருஷம் என் ஆசை இதுதான். புதுசா சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும், வருஷம் முடியறதுக்குள்ள இங்க நின்னு தன் மலையைச் சொல்லணும். பிலிப்பைன்ஸ்லேர்ந்து வந்தவனும் சொல்லணும், பக்கத்துப் பண்ணைக் குன்றைப் பார்க்கறவனும் சொல்லணும். மலை தெரியாதவங்க மத்தியானம் என்கிட்ட வாங்க. உங்களை யாரு சுமந்தாங்கன்னு கேட்டுக்கிட்டே போனா ஒரு மலை வந்துடும். தேடிடலாம்."

முடித்துவிட்டாள். இப்போது பாட்டு வேண்டும். அதுவும் ஹொரோரங்கியைச் சொன்ன பிறகு வேறு மலையின் பாட்டை எடுத்தால், சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது போல ஆகும்.

மெரே எழுந்தாள். கணவனிடமிருந்து அந்தப் பாட்டை அவள் முழுதாகக் கற்றிருந்தாள். வாயைத் திறந்தாள். காற்று. கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தடவை. காற்று. மேடையில் மைரங்கியின் உதடு நடுங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்போது மராமா எழுந்தாள். எழுந்து, அக்காள் கையை விடாமலே, ஹொரோரங்கியின் பாட்டை எடுத்தாள்.

மெரே அதிர்ந்துபோய்த் தங்கையைப் பார்த்தாள். இவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாமலென்ன. மைரங்கி நாலு வயதில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனைக் கையில் கொடுத்தால் பெர்த்தில் இருந்தவளுக்குப் பாடிக் காட்டியது இந்த ஒரு பாட்டைத்தான். பிள்ளையின் முகத்தைத் தொட முடியாத ஒருத்தி, அவள் பாடியதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டாள்.

அப்படியே என்றால் அப்படியே. பாட்டில் தரையை மிதித்து ஆடும் இடம் ஒன்று உண்டு. அங்கே போய்ச் சேரும் அவசரத்தில், நாலு வயதுக் குழந்தை நடுவில் ஒரு சரணத்தையே விழுங்கிவிடும். மராமாவும் விழுங்கினாள்.

மண்டபத்துக்கு வெளியே, போகுதுகாவா மரத்து நிழலில், பள்ளிப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. சர்வீஸும் இல்லை, ஒன்றும் இல்லை. எருவேரா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, ஜன்னலைத் திறந்து வைத்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். 'எருவேரா என் அப்பா' என்றது காதில் விழுந்தபோது அழுதார். அழுதும் இறங்கவில்லை. தன் மலையின் பாட்டு கேட்டபோதும் இருக்கையை விட்டு நகரவில்லை. ஆனால் சரணம் ஒன்று காணாமல் போனதே, அதை அவரால் பொறுக்க முடியவில்லை. தன் மலைப் பாட்டை ஊர் கூடிய சபையில் குறைத்துப் பாடினால் எந்த மனுஷன் வெளியே உட்கார்ந்திருப்பான்?

பக்கவாட்டுக் கதவு வழியாக அந்தச் சரணம் உள்ளே வந்தது. பிறகுதான் மனிதர் வந்தார். காக்கிக் கால்சட்டை, ஈர முகம், இடி போன்ற குரல். மராமா சட்டென்று நிறுத்தி, அவர் பாடுவதைக் கேட்டு, தான் விட்ட இடம் புரிந்து, திரும்ப அவரோடு சேர்ந்துகொண்டாள். மெரே காற்றாகப் பாடினாள். மிதித்து ஆடும் இடம் வந்ததும் மேடையிலிருந்தவள் தலைவி என்பதை மறந்து, கோட்டோடு தரையை மிதித்தாள். அந்தத் தகப்பனின் முகத்தில் இருந்த பெருமையை எழுத எனக்குத் தெரியவில்லை. பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்தது. எருவேரா அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். நேர் எதிரே ஹோரி பெரியவர். எருவேரா தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். ஒரு நிமிடம் முறைத்தார்.

"எருவேரா, எங்க பிள்ளைங்களையெல்லாம் இத்தனை வருஷமா ஏத்திக்கிட்டு வந்து இறக்கி விடற. உன் மலையை மட்டும் ஏண்டா வெளியவே நிறுத்தி வெச்சிருக்க? உள்ள கொண்டு வாடா!"

சொல்லிவிட்டு அவர் மாவோரி வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து எருவேராவை அணைத்துக்கொண்டார். மண்டபம் எழுந்து நின்றது.

உட்காரும் நேரத்தில்தான் சிக்கல். இரண்டு நாற்காலி. மராமா தன் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க அத்தான், எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு" என்றாள். "நீ உக்காரு" என்றார் எருவேரா. "ஐயோ, நீங்க உக்காருங்க." மரியாதையில் இருவருமே நின்றுகொண்டிருக்க, மறுபக்கத்திலிருந்து ஷோனா தன் புருஷனைக் கிளப்பிவிட்டு, அவருடைய நாற்காலியைத் தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். "உக்காருங்க மூணு பேரும். எனக்குத் திரும்பப் பால் கறக்கப் போகணும்."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

மாலையில் பேருந்து கிளம்பியபோது மெரேயும் மராமாவும் பிள்ளைகளோடு ஏறிக்கொண்டார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் இறங்கின. முதல் நிறுத்தத்தில் ஒரு வாலு, 'நன்றி, டிரைவர்' என்பதற்குப் பதில் "வரேன்ப்பா!" என்று கத்திவிட்டு ஓடினான். அதற்கப்புறம் இறங்கிய அத்தனையும் "வரேன்ப்பா, வரேன்ப்பா" என்றே இறங்கின. எருவேரா திட்டுவதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

கடைசி நிறுத்தம் அவர்கள் வீடு. மைரங்கி படியில் நின்று, குனிந்து, அப்பாவின் காதருகே சொன்னாள்: "வரேன்ப்பா."

"போ, தலைவரம்மா."

மெரே இறங்கவில்லை. தங்கையின் முழங்கையைப் பிடித்து, புருஷன் தோளைத் தட்டி, வெறும் காற்றிலேயே ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக் காட்டினாள். எருவேராவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு காலையில் தாண்டிப் போன அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது.

"ஆமா மராமா," என்றார். "நீ எப்ப திரும்பிப் போற?"

மராமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மைரங்கி வாசல் கதவைத் திறந்துகொண்டு, கோட்டைக் கழற்றாமலே உள்ளே போவதைப் பார்த்தாள். படியில் இறங்கினாள்.

"நன்றி, டிரைவர்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மைரங்கியின் பின்னாலேயே வீட்டுக்குள் நடந்தாள்.